அங்கயற்கண்ணி அங்கயற்கண்ணியை வேலையை விட்டு நீக்கிய கதை

கோட்டைமேட்டுத் தெருவில் ஒரு மாடி வீட்டில் மூன்று முட்டாள்கள் குடியிருந்தார்கள். சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டுப் போகிற முட்டாள்கள் இல்லை. மூன்று பேரும் பல்கலைக்கழகத்துப் பெண்கள். ஆகவே எந்த முட்டாள்தனத்தையும் காரணகாரியம் பார்த்து, விவாதித்து, தீர்மானம் போட்ட பிறகுதான் செய்வார்கள்.

மூத்தவள் அங்கயற்கண்ணி, தத்துவத்தில் முதுகலை முடித்தவள். பேச்சுப்போட்டியில் மூன்று கோப்பை வாங்கியிருந்தாள். மூன்றும் எதிரணியில் பேசி வாங்கியவை. "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று பால்காரர் சொன்னால், "எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க?" என்று கேட்பாள். பால்காரர் இப்போதெல்லாம் பாக்கெட்டை வாசலில் போட்டுவிட்டு ஓடிவிடுகிறார். அடுத்தவள் சகாயராணி, கணிதம். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவாள். கடைக்குட்டி நூர்ஜஹான், தாவரவியல். கடைசியாகப் பேசுகிறவர் சொல்வதுதான் சரி என்பது அவளுடைய கொள்கை. அந்த வீட்டில் பேச்சு முடிவதேயில்லை என்பதால் அவளுடைய கொள்கை நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அங்கயற்கண்ணியின் அப்பா மாயழகு அருப்புக்கோட்டையிலிருந்து போன் செய்தார். அங்கே பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரியே பேச்சும் ணங்கென்று இருக்கும்.

"படிப்புதான் முடிஞ்சுபோச்சே தாயி, இன்னும் அங்க என்ன பண்ற?"

"ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கிற வரைக்கும் இங்க இருக்கேன்பா."

"வேலை இருந்தா இரு. வேலைக்கான காகிதத்தைக் காட்டு. இல்லாட்டி சனிக்கிழமை நானே வந்து கூட்டிட்டு வந்துருவேன். ஞாயித்துக்கிழமை சாத்தூர்லருந்து பொண்ணு பாக்க வர்றாங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ பதில் சொல்லுவியே தாயி. அதான் கேக்கல."

அங்கயற்கண்ணிக்கு வந்த கோபத்தில் அரை மணி நேரம் சமத்துவம் பற்றிப் பேசினாள். அப்பா முதல் நிமிடத்திலேயே போனை வைத்துவிட்டிருந்தார். மீதி இருபத்தொன்பது நிமிடத்தையும் நூர்ஜஹான் கேட்டு, முழுக்க ஒப்புக்கொண்டாள்.

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வேலையும் அதற்கு ஒரு காகிதமும் வேண்டும். தேடியதில் கிடைத்தது 'பனித்துளி' என்ற மிக்ஸிக் கம்பெனி. வீட்டில் உட்கார்ந்தபடியே வாடிக்கையாளர்களின் புகாரைப் போனில் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் சோதனை. வெள்ளி மாலை ஐந்து மணிக்கு முடிவு சொல்வார்கள். தேறினால் நியமன உத்தரவு. பன்னிரண்டு பக்கத்தில் ஒரு விதிப்புத்தகமும் அனுப்பினார்கள். அதன் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: 'நீங்கள் சுயாதீன முகவர். நீங்களே உங்கள் முதலாளி!'

"பாத்தியாடி, எனக்கு மேல யாருமே கிடையாது" என்றாள் அங்கயற்கண்ணி பெருமையாக.

"அப்ப உங்களுக்குக் கீழ யாருக்கா?" என்றாள் நூர்ஜஹான்.

அங்கயற்கண்ணி யோசித்துப் பார்த்தாள். "நான்தான்" என்றாள். அப்போது யாருக்கும் இதில் ஆபத்து எதுவும் தெரியவில்லை.

புதன்கிழமை வேலை ஆரம்பித்தது. 'பணியறையில் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது' என்பது இரண்டாம் விதி. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தினார்கள். கடிகாரத்தைப் போர்வைக்குள் சுற்றி அரிசி டின்னில் வைத்தார்கள். கீழ்வீட்டுக் கோமளவல்லி அம்மாவிடம் போய்க் குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த அம்மா, "விசிலுக்கு நான் சொன்னா கேக்குமா? நீங்களே பேசிப் பாருங்க" என்றார். சகாயராணி சமையலறையில் நின்று குக்கரிடம் பத்து நிமிடம் எடுத்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

எல்லாம் அடங்கிய பிறகு போன் அடித்தது. மூவரும் திடுக்கிட்டார்கள்.

"இதுவும் சத்தம்தானே?" என்றாள் சகாயராணி.

"சந்தேகமென்ன? இருக்கிறதுலயே பெரிய சத்தம்" என்று போனின் வாயை அடைத்தாள் அங்கயற்கண்ணி.

அதற்குப் பிறகு அறை கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. மதியம் வரை ஒருவரும் கூப்பிடவில்லை. "பனித்துளி மிக்ஸி அவ்வளவு நல்ல மிக்ஸி போல" என்று மூவரும் வியந்தார்கள். சாப்பாட்டுக்கு எழுந்தபோது பார்த்தால், எடுக்காத அழைப்புகள் முப்பத்தொன்று. உடனே விவாதம் நடந்து, போனில் வெளிச்சம் வருகிறதா என்று கண் கொட்டாமல் பார்க்கும் பொறுப்பு நூர்ஜஹானுக்கு ஒப்படைக்கப்பட்டது. வெளிச்சம் வந்தால் அவள் "ட்ரிங் ட்ரிங்" என்று கத்த வேண்டும்.

"ட்ரிங் ட்ரிங்!"

முதல் வாடிக்கையாளர் ஒரு பெரியவர். "ஏம்மா, காலையில மிக்ஸி ஓடலன்னு போன் பண்ணினேன், யாரும் எடுக்கல. இப்பப் பாத்தா பிளக்கே மாட்டாம இருந்திருக்கேன். என் தப்புதான். வச்சிடவா?"

அங்கயற்கண்ணி விதிப்புத்தகத்தைப் பார்த்தாள். 'வாடிக்கையாளர் சொல்வது எப்போதும் சரி' என்றிருந்தது.

"ஐயா, நீங்க எப்பவும் சரிதான்."

"இல்லம்மா, தப்பு என் மேலதான்."

"ஐயா, ஒரு நிமிஷம். நீங்க சொல்றது எப்பவும் சரி. நீங்க தப்புன்னு சொல்றீங்க. அப்ப நீங்க தப்புங்கறது சரி. நீங்க தப்புன்னா, நீங்க எப்பவும் சரிங்கறது தப்பு. அது தப்புன்னா எங்க கம்பெனி விதியே தப்பு. இதை நான் எப்படி அனுமதிக்க முடியும்?"

நாற்பத்தேழு நிமிட வாதத்துக்குப் பிறகு, மிக்ஸி கெட்டுத்தான் போயிருக்கிறது என்று அவரே கண்ணீரோடு ஒப்புக்கொண்டார். வேறு மிக்ஸி அனுப்பச் சொன்னார். அங்கயற்கண்ணி வெற்றியோடு நிமிர்ந்தாள்.

இரண்டாவது அழைப்பு ஒரு பெண்மணி. அதற்குள் அங்கயற்கண்ணி ஏழாம் விதிக்கு வந்திருந்தாள்: 'வாடிக்கையாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும்.'

"உங்க மிக்ஸியில சட்னி அரைச்சா சுவரெல்லாம் சட்னி!"

"எங்க மிக்ஸியில சட்னி அரைச்சா சுவரெல்லாம் சட்னின்னு சொல்றீங்க. சரிதானே அம்மா?"

"கிண்டல் பண்றியா?"

"நான் கிண்டல் பண்றேன்னு சொல்றீங்க. சரிதானே அம்மா?"

"ஏண்டி, நான் என்ன கிறுக்கச்சியா?"

அங்கயற்கண்ணி ஒரு கணம் தயங்கினாள். அவளுக்கும் நாகரிகம் தெரியும். ஆனால் விதி விதிதானே?

"நீங்க கிறுக்கச்சியான்னு கேக்கறீங்க. சரிதானே அம்மா?"

முதல் நாள் இப்படிக் கழிந்தது. கத்திக் கத்தி நூர்ஜஹானுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாதாடி வாதாடி அங்கயற்கண்ணிக்கும் கட்டிவிட்டது. வியாழக்கிழமை காலை எழுந்தால் குரல் பாதிதான் வந்தது, காய்ச்சல் வேறு. அரை நாள் லீவு போடலாம் என்று விதிப்புத்தகத்தைத் திறந்தாள். 'விடுப்பு வேண்டுவோர் தங்கள் முதலாளியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும்' என்றிருந்தது.

"முதலாளி யாரு?" என்றாள் சகாயராணி.

"நான்தான்."

"அப்ப உனக்கு எழுதிக் கொடு."

சரியான பேச்சு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, 'மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு' என்று தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள அங்கயற்கண்ணி' என்று முடித்தாள். பிறகு எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே கோமளவல்லி அம்மாவிடம் இரவல் வாங்கிய மெத்தை வைத்த மரநாற்காலி இருந்தது. அதில் சாய்ந்து, சகாயராணியின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, கடிதத்தைப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் கடுகடுவென்று ஆயிற்று.

"சோதனைக் காலத்துல ரெண்டாம் நாளே லீவா? என்ன திமிர்! முடியாது."

"பாவம்கா, அவளுக்குக் காய்ச்சல்" என்றாள் நூர்ஜஹான் கரகரத்த குரலில்.

"நாளைக்கு ஆளாளுக்கு இப்படிக் கேட்டா நிறுவனம் என்ன ஆகும்?"

"ஒருத்திதானே இருக்கா?"

"அதான் சொல்றேன். மொத்தப் பேரும் லீவு கேக்கறாங்க!"

'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேசையைச் சுற்றி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பதிலைப் படித்தாள். கண் சிவந்துவிட்டது.

"பாத்தீங்களாடி அநியாயத்தை? காய்ச்சல்ல கிடக்கிறவளைக் கூட மனுஷியா மதிக்கல. இவ மட்டும் மெத்தையில உக்காருவா, எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி! நான் வேலைநிறுத்தம் பண்றேன்!"

சகாயராணிக்கு நியாயமாகப் பட்டது. அவள் தொழிலாளி பக்கம். நூர்ஜஹானுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் முதலாளி மறுபடி மரநாற்காலிக்குப் போய், "மெத்தையில நான் எங்க உக்காந்தேன்? அவ அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற நேரமெல்லாம் இது காலியாத்தானே கிடக்கு? என் நேரத்தையும் சேத்து அவதான் உக்காந்து தீக்கறா" என்று சொன்னதும் நூர்ஜஹான் முதலாளி பக்கம் சாய்ந்துவிட்டாள்.

போன் மின்னியது. "ட்ரிங்" என்றாள் நூர்ஜஹான்.

"வேலைநிறுத்தம்" என்றாள் தொழிலாளி.

"முதலாளி போய்ப் போன் எடுக்கறதா?" என்றாள் முதலாளி.

போன் மின்னி மின்னி ஓய்ந்தது.

பிற்பகல் முழுக்கப் பேச்சுவார்த்தை. சகாயராணி நடுவராக இருந்தாள். இரண்டு தரப்பும் மேசையைச் சுற்றி மாறி மாறி ஓடியதில் வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் இறங்கிவிட்டது. லீவுக்கான காரணமே போய்விட்டது என்று முதலாளி சுட்டிக்காட்டினாள். இறங்கியது தன்னுடைய சொந்த உழைப்பால் என்று தொழிலாளி பதில் கொடுத்தாள். வாழ்நாளில் முதல்முறையாக அங்கயற்கண்ணிக்குத் தன் தகுதிக்கேற்ற எதிராளி கிடைத்திருந்தாள். உள்ளுக்குள் இரண்டு பேருக்கும் ரொம்ப சந்தோஷம்.

நடுவில் முதலாளி குரலைத் தாழ்த்தி, "அவளுக்கு வேலையே தெரியாது. வாய் மட்டும்தான். இதை அவகிட்டச் சொல்லிராதீங்க" என்றாள். நூர்ஜஹானால் ரகசியம் காக்க முடியாது. அங்கயற்கண்ணி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் காதில் போட்டுவிட்டாள்.

"அப்படியா சொன்னா?" அங்கயற்கண்ணி மேசையில் ஓங்கித் தட்டினாள். "என் முதுகுக்குப் பின்னாலயா?"

"முதுகுக்குப் பின்னால இல்ல, எதிர்லதான்" என்று சகாயராணி அளந்து சொன்னாள். "மூணரை அடி."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விஷயம் முற்றிவிட்டது. தொழிலாளி முதலாளியைப் பார்த்து, "நீ எல்லாம் ஒரு முதலாளியா?" என்று கேட்டுவிட்டாள். முதலாளி எழுந்து, கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு கடிதம் அடித்து, எதிர்வீட்டுக் கடையில் அச்செடுத்து வந்து, பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் வைத்தாள். 'எதிர்த்துப் பேசிய குற்றத்துக்காகச் செல்வி மா. அங்கயற்கண்ணி இன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்.' அடிக்கும்போது அவளுக்கு அந்தப் பெண் மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. இந்தப் பக்கம் வந்து படிக்கும்போதுதான் வந்தது.

சரியாக ஐந்து மணிக்குப் போன் மின்னியது. வேலையை விட்டு நீக்கப்பட்டவள் எடுக்கக் கூடாது. வேறு ஆளில்லாததால் முதலாளியே எடுக்கும்படி ஆயிற்று. பேசியவர் கம்பெனி மேற்பார்வையாளர் வரதராசன்.

"அங்கயற்கண்ணியோட சோதனை முடிவைச் சொல்லணும். அவங்க இருக்காங்களா?"

"அந்தப் பொண்ணை வேலையை விட்டு நீக்கிட்டேன் சார். ஒழுங்கில்ல."

"நீங்க யாரு?"

"அவளோட முதலாளி."

வரதராசன் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆமாம், முதலாளிக்கு அந்த உரிமை இருக்கு. நல்லதாப் போச்சு மேடம். நாங்களே நீக்கறதாத்தான் இருந்தோம். பனித்துளி வரலாற்றிலேயே இப்படி ஒரு ஆள் வந்ததில்ல. உங்களை மாதிரி கண்டிப்பான முதலாளிங்கதான் எங்களுக்கு வேணும். அடுத்த மாசம் வேற ஆளைப் போட்டு நடத்துங்க."

"அப்ப எனக்கு நியமன உத்தரவு அனுப்புவீங்களா சார்?"

"முதலாளியை யாரு மேடம் நியமிக்கறது?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது. விடிந்தால் அப்பா வந்துவிடுவார். காட்டுவதற்குக் காகிதம் இல்லை. இருக்கிற ஒரே காகிதம் வேலைநீக்கக் கடிதம்.

"போச்சு. சாத்தூர்தான்" என்று மெத்தை நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் அங்கயற்கண்ணி.

நூர்ஜஹான் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து, காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் எதிரே வைத்தாள்.

"அங்க யாருக்குடி?"

"வேலை போனது அவளுக்குத்தானேக்கா? காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல. பேசவும் மாட்டேங்கறா."

சகாயராணி மெதுவாகச் சொன்னாள்: "ஏண்டி, உங்கப்பா என்ன சொன்னார்? வேலை இருந்தா இரு, இல்லாட்டி வான்னுதானே? வேலை போனது யாருக்கு? அவளுக்கு. அப்ப யாரு போகணும்? அவ. நீ எதுக்கு அழற?"

மூன்று கோப்பை வாங்கிய அங்கயற்கண்ணி இந்த வாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓர் ஓட்டை கூடத் தெரியவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு மாயழகு வந்தார். முதலாளி எழுந்து வணங்கி, வேலைநீக்கக் கடிதத்தை நீட்டி, நடந்ததைச் சொன்னாள். அவர் கடிதத்தை ஒருமுறை படித்தார். விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க முதலாளியம்மாங்களா?"

"ஆமா."

"மன்னிச்சுக்கங்க. வளர்ப்பு சரியில்ல. சின்ன வயசுலருந்தே எதிர்த்துப் பேசுவா. உங்களுக்கும் தொந்தரவு கொடுத்துட்டா." பிளாஸ்டிக் நாற்காலியின் பக்கம் திரும்பினார். "கிளம்பு தாயி."

பதில் இல்லை.

மாயழகின் கண் கலங்கிவிட்டது. "முன்னாடியெல்லாம் கிளம்புன்னா ஏன், எதுக்கு, எந்த அடிப்படையிலன்னு கேப்பா. நல்லாக் கண்டிச்சு வச்சிருக்கீங்கம்மா."

பஸ் நிலையம் வரை மூவரும் வழியனுப்பப் போனார்கள். அப்பா இரண்டு டிக்கெட் எடுத்து, ஜன்னலோர இடத்தைத் துண்டு போட்டுப் பிடித்தார். உட்கார வந்தவரிடம், "பொம்பளப் பிள்ளை இருக்கு" என்றார். வந்தவர் மரியாதையாக நகர்ந்தார். பஸ் கிளம்பும்போது அங்கயற்கண்ணிக்குத் தாங்கவில்லை. ஜன்னலருகே ஓடி, "அப்பா, அவளைத் திட்டாதீங்க. வாய்தான் நீளம், மத்தபடி நல்ல பொண்ணு" என்று விசும்பினாள். நூர்ஜஹான் ஜன்னலுக்குள் ஒரு முறுக்குப் பொட்டலத்தை வைத்தாள்.

ஞாயிறு மாலை போன் மின்னியது. அப்பா.

"பொண்ணு பாத்துட்டுப் போயாச்சுங்க முதலாளியம்மா. ரொம்பப் பிடிச்சுப்போச்சு அவங்களுக்கு. பாடச் சொன்னாங்க, பாடல. பாடாம இருந்ததே என்ன அடக்கம்னு மாப்பிள்ளையோட அத்தை சொன்னாங்க. மாப்பிள்ளை தம்பி அரை மணி நேரம் தனியாப் பேசிட்டு வந்தாரு. 'நான் சொன்ன எல்லாத்தையும் முழுசாக் கேட்டுக்கிட்டா மாமா. மனசுல நினைச்ச மாதிரியே இருக்கா'ன்னுட்டாரு."

அங்கயற்கண்ணிக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சரிப்பா, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உங்களை எதுக்குங்க கேக்கணும்? நீங்க முதலாளி. பொண்ணைக் கேட்டேன். மறுப்பே சொல்லல."

எதிரணியில் பேசி அவள் தோற்றது அன்றுதான்.

அடுத்த மாதம் அருப்புக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். முதலாளியம்மாவுக்குத் தனிப் பத்திரிகை வைத்து, முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். பட்டுப்புடவை கட்டி, சந்தனம் பூசிக்கொண்டு, சகாயராணிக்கும் நூர்ஜஹானுக்கும் நடுவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தாள் அங்கயற்கண்ணி. மாப்பிள்ளை மணையில் தயாராக இருந்தார். நாதஸ்வரம் நின்றது. "நாழியாறது, பொண்ணை அழைச்சிண்டு வாங்கோ!" என்று ஐயர் குரல் கொடுத்தார்.

மண்டபமே ஆவலோடு மணப்பெண் அறையின் வாசலைத் திரும்பிப் பார்த்தது. அங்கயற்கண்ணியும் கழுத்தை நீட்டித் திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்ட வேலை பாத்தப்பவும் இப்படித்தான்" என்றாள் பின்வரிசையிலிருந்த மாப்பிள்ளையின் அத்தையிடம், சலிப்போடு. "ஒரு நாளாவது நேரத்துக்கு வந்ததில்ல."